எந்த டேபிளில் உட்காருவது?

கேள்வி: தொண்டியிலிருந்து ஒரு தம்பி
12 மே 2024

அண்ணே, போன் ஆப்பில் போக்கர், அதிலும் ஆறு பேர் உட்காரும் ஹோல்டம் (கையில் இரண்டு கார்டு, எல்லோருக்கும் பொதுவாக ஐந்து கார்டு) டேபிள்தான் ஆடுகிறேன். பிளைண்டு (கார்டு பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பணம்) 2/5 ரூபாய். ஆப்பைத் திறந்தால் வரிசையாக டேபிள் நிற்கிறது. எதில் சீட்டு காலியோ அதில் ஏறிவிடுவேன். "ஆட்டம் தெரிஞ்சவனுக்கு எல்லா டேபிளும் ஒண்ணுதான்" என்கிறான் கூட்டாளி. சரிதானா?

12 மே 2024, இரவு

சரியில்லை. உங்கள் கூட்டாளி கெட்டிக்காரராகவே இருந்தாலும் சரியில்லை.

போக்கரில் நாம் ஆப்பை நடத்தும் கம்பெனியை எதிர்த்து ஆடவில்லை. பக்கத்தில் இருக்கும் ஐந்து பேரை எதிர்த்து ஆடுகிறோம். ஒரு ஹேண்டில், அதாவது ஒரு ஆட்டத்தில், நடுவில் சேரும் பணம்தான் பாட்; கம்பெனி அதிலிருந்து ரேக்கை, அதாவது தன் கமிஷனைக் கிள்ளிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறது. ஒரே திறமை உள்ள ஆறு பேரை விடிய விடிய ஆடவிட்டால் காலையில் ஆறு பேரின் மொத்தப் பணமும் குறைந்திருக்கும், அவ்வளவுதான். லாபம் வர வேண்டுமானால் நம்மைவிட மோசமாக ஆடுபவர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தவன் என்பதெல்லாம் எதிரே யார் என்பதைப் பொறுத்தது. தன்னைவிடத் தேர்ந்த ஐந்து பேர் நடுவில் போய் உட்கார்ந்தால் உங்கள் கூட்டாளிதான் அங்கே இளிச்சவாயர்.

நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவன். மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது, விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன, நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் ஐஸ் எடுக்கிறார்கள். நேரம் இருக்கிறது. நாளை விவரமாக எழுதுகிறேன்.

13 மே 2024

முதலில் லாபி, அதாவது ஆப்பில் டேபிள்கள் வரிசையாகத் தெரியும் பக்கம். நன்றாகக் கட்டிய லாபியில் ஒவ்வொரு டேபிளுக்கும் மூன்று எண்கள் இருக்கும்: சராசரி பாட், ஃப்ளாப் (முதலில் திறக்கும் மூன்று பொதுக் கார்டு) பார்ப்பவர்கள் எத்தனை சதவீதம், மணிக்கு எத்தனை ஹேண்டு.

நடுவில் இருப்பதை முதலில் பாருங்கள். ஆறு பேர் டேபிளில் ஃப்ளாப் பார்ப்பவர்கள் 20 சதவீதத்துக்குப் பக்கம் என்றால் அங்கே இருப்பவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி ஆடுகிறார்கள் என்று அர்த்தம். ஒருவர் ரைஸ் செய்தால், அதாவது தொகையை ஏற்றினால், மற்றவர்கள் ஃபோல்டு, கார்டைப் போட்டுவிட்டு விலகிவிடுவார்கள். அங்கே போனால் பிளைண்டைத் திருடித் திருடிக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கலாம், ரேக்குக்குத்தான் ஆகும். 30-ஐத் தாண்டினால் கவனியுங்கள். 40 என்றால் உடனே ஏறுங்கள், அங்கே யாரோ எந்தக் கார்டையும் விட மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

மணிக்கு எத்தனை ஹேண்டு என்பது குறைவாக இருந்தால் பெரும்பாலும் நல்லதே. யோசித்து யோசித்து ஆடுகிறார்கள், பாட் ரிவர் (கடைசிப் பொதுக் கார்டு) வரை போகிறது, அல்லது யாரோ டிவி பார்த்துக்கொண்டே ஆடுகிறார். மூன்றுமே நமக்கு வேண்டியதுதான்.

13 மே 2024, சற்றுக் கழித்து

"என் ஆப்பில் இந்த எண்கள் எதுவும் இல்லை, பெயரும் காலி சீட்டும்தான் தெரிகிறது" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போனுக்காகச் செய்த ஆப்புகள் பலவும் அப்படித்தான். அதற்கும் வழி இருக்கிறது: உட்காராமல் திறந்து பாருங்கள். இரண்டு சுற்று பார்த்தால் போதும், பத்துப் பன்னிரண்டு ஹேண்டு. பாம்பனில் மீன் ஏலத்துக்கு வரும் பழைய வியாபாரி கூடையைப் பார்க்கும் முன் சுற்றி நிற்பவர்களைத்தான் ஒரு பார்வை பார்ப்பார். யாருக்கு இன்று லோடு அவசரம், யார் சும்மா விலையை ஏற்றிவிட வந்தவர் என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்பார். அந்தப் பார்வைதான் வேண்டும்.

எதைப் பார்க்க வேண்டும்? ரைஸ் செய்யாமல் பிளைண்டு அளவுக்கே கால் போட்டு (கேட்ட தொகையை மட்டும் வைத்து) உள்ளே நுழைபவர், அதாவது லிம்ப் அடிப்பவர். ஒரு தடவை செய்தால் ஒன்றுமில்லை, தொடர்ந்து செய்தால் அவர்தான் நம் ஆள். அடுத்தது ஸ்டாக், அதாவது டேபிளில் ஒருவர் வைத்திருக்கும் பணம். தொழிலாக ஆடுபவருக்கு எப்போதும் 100 பிக் பிளைண்டு (இரண்டு பிளைண்டில் கூடுதலானது, 2/5-இல் 5 ரூபாய்) நிரம்பி இருக்கும், குறைந்த உடனே தானாக ஏறும்படி வைத்திருப்பார். 2/5 டேபிளில் 500 என்று நேராக நிற்பவர்களை விட்டுவிடுங்கள். 317, 188, 94 என்று நிற்பவர்களைப் பாருங்கள். புதிதாக உட்கார்ந்தவர் பிக் பிளைண்டு தன்னிடம் வரும்வரை காத்திருக்கிறாரா, உடனே காசு போட்டு நுழைகிறாரா? காத்திருப்பவருக்குக் கணக்குத் தெரியும். உடனே நுழைபவருக்கு ஆட வேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேலே, கார்டு திறக்கும்போது என்ன காட்டுகிறார் என்பது. ரிவரில் பெரிய பெட்டுக்கு இரண்டாவது ஜோடியை (பொதுக் கார்டில் இரண்டாவது பெரியதோடு சேரும் ஜோடி) வைத்துக்கொண்டு கால் போட்டிருந்தால் மற்ற அடையாளம் எதுவும் தேவையில்லை.

17 மே 2024

நேற்று ஆடியதை ஒரு உதாரணத்துக்கு எழுதுகிறேன். "டேபிள் பார்த்து உட்காருவதால் எவ்வளவு வித்தியாசம் வந்துவிடப் போகிறது" என்று உச்சிப்புளிக்காரர் ஒருவர் கிண்டல் செய்திருந்தார்.

பெயருக்குப் பக்கத்தில் கிளியின் படம் வைத்த ஒருவர். ஸ்டாக் 317. எனக்கு நேர் வலப்பக்கம். நான் பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்), கையில் ஏஸ்-குயின். அவர் 5 ரூபாய்க்கு லிம்ப் அடித்தார். நான் 25-க்கு ரைஸ். பிளைண்டு இருவரும் ஃபோல்டு, அவர் கால். பாட் 57. ஃப்ளாப் குயின், 8, 3. அவர் செக் (பணம் வைக்காமல் விடுவது), நான் 40, அவர் கால். டர்ன், அதாவது நான்காவது பொதுக் கார்டு, 5. செக், 95, கால். இந்த இடத்தில் ஆப்பின் கடிகாரம் கடைசிவரை ஓடும், அவர் யோசிக்கிறார் என்று நினைப்பீர்கள். அவர் எப்போதுமே அப்படித்தான், நல்ல கார்டு என்றாலும் அதே நேரம் எடுப்பார். ரிவர் 2. செக். அவரிடம் மிச்சம் 157, முழுதையும் கேட்டேன். கால் போட்டார். திறந்தால் 8-7.

எனக்கு 324 ரூபாய், ரேக்கைக் கழிக்காமல். இதே ஏஸ்-குயின், இதே ஃப்ளாப், எதிரே ஒரு ரெகுலர், அதாவது தினமும் கணக்காக ஆடுபவர் என்று வையுங்கள். எட்டு ஜோடிக்கு ஃப்ளாப்பில் ஒரு கால் போட்டிருப்பார், டர்னில் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பார். எனக்கு 72 ரூபாய். கார்டும் அதுவே, நான் ஆடிய விதமும் அதுவே. மிச்சம் 252 ரூபாய் கிளிப் படக்காரர் அங்கே இருந்ததற்கு.

இன்னொன்றும் கவனியுங்கள். அவரிடம் பிளஃப் (நல்ல கார்டு இருப்பதுபோல் மிரட்டுவது) என்ற பேச்சுக்கே இடமில்லை. கால் போடுபவரிடம் நல்ல கார்டு வந்தால் கேட்க வேண்டும், வராவிட்டால் சும்மா இருக்க வேண்டும். பெரிய வித்தை எதுவும் தேவைப்படாத டேபிள்தான் லாபமான டேபிள். நம் ஆட்களுக்கு இது பிடிப்பதில்லை, வித்தை காட்டப் போகிறார்கள்.

19 மே 2024

கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நீளமாக எழுதியிருக்கிறார். துபாயில் இருந்த காலத்திலிருந்தே ஆடுபவர். சராசரி பாட் பெருசாக இருக்கும் டேபிளில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம் என்கிறார்.

கண்ணை மூட வேண்டாம் காக்கா. சராசரி பாட் இரண்டு விதமாகப் பெருகும். ஐந்து பேரும் உள்ளே வந்து கால் போட்டுப் போட்டுப் பெருத்தால் நல்லது. இரண்டு முரடர்கள் மட்டும் ஃப்ளாப்புக்கு முன்பே ரைஸ் மேல் ரைஸ் வைத்து மோதிக்கொண்டால்? அதுவும் பெரிய பாட்தான், ஆனால் அங்கே சிக்குவது நாமாக இருக்கும். சற்று முன் ஒரே ஒரு ஹேண்டில் ஏஸ் ஜோடிக்கும் கிங் ஜோடிக்கும் முட்டியிருந்தால்கூடச் சராசரி தாறுமாறாக ஏறிவிடும். அதனால் பாட் பெருசு, ஃப்ளாப் சதவீதமும் பெருசு, இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு. பாட் பெருசு, சதவீதம் சிறுசு என்றால் திரும்பிப் பார்க்காமல் அடுத்த டேபிளுக்குப் போய்விடுவேன்.

காக்கா இதற்குப் பதிலாக ஒரு சிரிப்புப் படம் போட்டிருக்கிறார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை.

26 மே 2024

டேபிள் கிடைத்தது. சீட்டு? இதைப் பற்றிக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை, ஆனால் டேபிளுக்குச் சமமாக இதுவும் முக்கியம்.

ஆட்டம் கடிகாரச் சுற்றில் போகிறது. நமக்கு வலப்பக்கம் இருப்பவர் முதலில் செய்வார், நாம் அதைப் பார்த்துவிட்டுச் செய்வோம். இடப்பக்கம் இருப்பவர் நம்மைப் பார்த்துவிட்டுச் செய்வார். அதனால் பணமும் மொத்தத்தில் அந்தச் சுற்றிலேயே நகர்கிறது. லிம்ப் அடிப்பவர், எதற்கும் கால் போடுபவர், ஒவ்வொரு ஹேண்டிலும் ரைஸ் செய்யும் கிறுக்கர், மூன்று பேரும் வலப்பக்கம் இருக்கட்டும். லிம்ப் வந்தால் ரைஸ் செய்து அவரை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்கலாம். கிறுக்கர் ரைஸ் செய்தால் நம் கார்டைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம். இடப்பக்கம் பயந்த ஆள், பிளைண்டைக் கேட்டால் கொடுத்துவிட்டுப் போகிறவர் இருந்தால் நிம்மதி.

கிளிப் படக்காரர் என் இடப்பக்கம் இருந்திருந்தால் அந்த ஏஸ்-குயினில் பாதிதான் வந்திருக்கும்.

சீட்டு சரியில்லை என்றால் எழுந்து வேறு சீட்டு பாருங்கள். ஆனால் பெரிய ஸ்டாக்கோடு எழுந்து சிறிய ஸ்டாக்கோடு அதே டேபிளுக்குத் திரும்ப வர முடியாது. குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்தால் கொண்டுபோன அளவையே மறுபடி வைக்கச் சொல்லும்.

26 மே 2024, இரவு

வெயிட்டிங் லிஸ்ட் நீளமாக இருக்கும் டேபிள் நல்ல டேபிள்தானே என்று தம்பி கேட்கிறார். நல்ல டேபிள்தான். ரெகுலர்கள் மோப்பம் பிடித்துத்தான் வரிசையில் நிற்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அங்கே காலியாகும் சீட்டு பெரும்பாலும் அந்த மோசமான ஆட்டக்காரருடைய சீட்டுதான். அவர் பணம் தீர்ந்து எழுந்தார், நமக்கு இடம் கிடைத்தது, இப்போது ஐந்து ரெகுலர்கள் நடுவில் நாம் ஆறாவது ரெகுலர். உட்காரும் முன் எழுந்தது யார் என்று பாருங்கள்.

2 ஜூன் 2024

இனி ரேக். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், கணக்குப் பிள்ளையிடம் இந்தக் கேள்வி-பதில் இழையைக் கொடுத்தது உங்கள் தலையெழுத்து.

பாட் பணத்தில் 5 சதவீதம், ஒரு உச்ச வரம்பு வரை. ஃப்ளாப் வராத ஹேண்டுக்கு ரேக் கிடையாது. பெரும்பாலும் இதுதான் ஏற்பாடு. 2/5 டேபிளில் நூறு ஹேண்டு ஆடுகிறீர்கள் என்று வைப்போம். அதில் ஃப்ளாப் பார்த்த எட்டுப் பாட்டை நீங்கள் ஜெயிக்கிறீர்கள், சராசரி 100 ரூபாய். ஒவ்வொன்றிலும் 5 ரூபாய் போகிறது. மொத்தம் 40 ரூபாய், அதாவது 8 பிக் பிளைண்டு. நூறு ஹேண்டுக்கு 5 பிக் பிளைண்டு நிலையாக எடுப்பவர் நல்ல ஆட்டக்காரர். அந்த 5 கையில் நிற்க வேண்டும் என்றால் எதிராளிகளிடமிருந்து 13 எடுத்தாக வேண்டும். சுமாரான டேபிளில் 13 எடுக்க முடியாது. ஆகவே சுமாரான டேபிள் என்று ஒன்று இல்லை, சின்ன பிளைண்டில் அது நஷ்ட டேபிள்தான்.

பிளைண்டு பெருசாக இருக்கும் டேபிளில் உச்ச வரம்பு சீக்கிரம் வந்துவிடும், அதனால் பிளைண்டுக் கணக்கில் ரேக் குறைவு. அதை நம்பி மேலே ஏறாதீர்கள். ரேக்கில் மிச்சம் பிடித்ததை அங்கே இருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் வரி. 2023 அக்டோபர் 1 முதல் போடும் பணத்துக்கே 28 சதவீதம் ஜிஎஸ்டி. ஜெயித்ததற்கு 2023 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தின் 194பிஏ பிரிவின் கீழ் 30 சதவீதம் டிடிஎஸ், அதாவது கைக்கு வரும் முன்பே பிடிக்கும் வரி. எடுத்த பணத்தையும் ஆண்டு முடிவில் கணக்கில் நிற்பதையும் கூட்டி, போட்ட பணத்தையும் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்ததையும் கழித்தால் வருவது நிகர வெற்றி. அதில் 30. இடையில் எத்தனை இரவு தோற்றீர்கள் என்பது அந்த ஆண்டுக்குள்ளேயே கழிந்துவிடும். மார்ச் 31-ஐத் தாண்டிக் கொண்டுபோக முடியாது.

3 ஜூன் 2024

பரமக்குடி நண்பர் 1,000 போட்டால் 280 போய்விடுமா என்று கேட்கிறார். இல்லை. 1,000-க்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது: 781 ரூபாய் 25 காசு ஆட, 218 ரூபாய் 75 காசு வரி. அந்த 218.75-ஐ போனஸாகத் திருப்பித் தருகிறோம் என்று ஆப்புகள் சொல்கின்றன. சரி, தரட்டும். போனஸுக்கு என்ன நிபந்தனை, அதை எடுக்க முடியுமா, ஆட மட்டும் முடியுமா என்று படித்துவிட்டுச் சந்தோஷப்படுங்கள்.

14 ஜூன் 2024

இன்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. 61 நாள் கழித்துப் போட் கிளம்புகிறது, நாளை சனிக்கிழமை வேறு, விசைப்படகு போகும் நாள். கம்பெனியில் ஐஸ் உடைக்கும் மெஷின் காலையிலிருந்து நிற்கவில்லை. உப்பிலும் ஈரத்திலும் இந்தக் கணக்கு நோட்டு அப்பளமாகிவிட்டது. இன்று போக்கர் கிடையாது.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில். "தடைக்காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் இரவெல்லாம் சும்மா இருக்கிறார்களே, அப்போது டேபிள் லாபமாக இருக்குமா" என்று ஒருவர். ஆப்பில் இருப்பவர்கள் நாடு முழுக்க இருந்து வருகிறவர்கள், ராமேசுவரம் தீவில் வேலையில்லை என்பதால் டேபிள் மாறாது. இது முதல் பதில். இரண்டாவது, தடைக்கால நிவாரணம் 5,000-ஆக இருந்து 8,000 ஆனது. அறிவிப்பு வந்ததே போன ஆகஸ்டில் நம்ம மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு அது. அந்தப் பணம் டேபிளுக்கு வந்தால் எனக்கு லாபம் என்று கணக்குப் போட என் கை வரவில்லை. கிளிப் படக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால்தான் அவரிடம் 317 ரூபாய் வாங்க முடிந்தது. தெரிந்திருந்தால் வாங்கியிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். போட்காரர் ஒருவர் வாசலில் நின்று கத்துகிறார்.

16 ஜூன் 2024

சட்டப்படி சரியா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டின் 2022 சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடைப் பட்டியலில் வைத்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 9-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இன்றைய நிலை இது. நாளைய நிலைக்கு நான் ஜவாப்தாரி இல்லை.

28 ஜூலை 2024

ஆடி, கச்சான் காற்று. கூரையைத் தூக்குகிறது. கம்பியில் உப்பு படிந்து பொறி தட்டுகிறது, கரண்ட் போகிறது, போகிற போக்கில் டவரையும் கூட்டிக்கொண்டு போகிறது. நேற்று மூன்று கிங் கையில் இருக்கும்போது திரை உறைந்து, திரும்பி வரும்போது ஃபோல்டு ஆகியிருந்தது.

இதுவும் டேபிள் தேர்வில் சேரும் விஷயம். வேக டேபிள்களில் யோசிக்கப் பத்துப் பதினைந்து விநாடிதான். கடற்கரையில் இருப்பவர்கள் ஆடி மாதத்தில் அதில் உட்காராதீர்கள். சாதாரண டேபிள், கூடுதல் நேரம் தரும் டேபிள், அதுவும் ஒன்றே ஒன்று. நான்கு டேபிள் சேர்த்துத் திறப்பவர்களுக்கு வேறு பிரச்சினையும் உண்டு: நான்கும் நல்ல டேபிளாக இருக்காது. ஒன்று நல்லது, மூன்று அதன் லாபத்தைத் தின்பவை.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் உட்கார்ந்து ஆடினால் எப்படி இருக்கும் என்று கேட்ட புண்ணியவானுக்கு: அங்கே போன் இலங்கை டவரைப் பிடித்துவிடுகிறது என்று சொல்வார்கள். ஆப் இருப்பிடம் கேட்கும். நீங்களே யோசியுங்கள்.

10 நவம்பர் 2024

நான்கு கார்டு ஒமாகா டேபிள்களில் சராசரி பாட் பிரமாதமாக இருக்கிறது, அங்கே போகலாமா என்று தம்பி. ஒமாகாவில் எல்லா டேபிளிலும் பாட் பெருசுதான், ஃப்ளாப் சதவீதமும் எப்போதும் கூடுதல்தான். ஹோல்டம் எண்ணை அங்கே கொண்டுபோய் அளக்காதீர்கள், ஒமாகா டேபிளை ஒமாகா டேபிளோடுதான் ஒப்பிட வேண்டும். அங்கே நல்ல கார்டுக்கும் சுமாரான கார்டுக்கும் இடைவெளி குறைவு, ஏற்ற இறக்கம் அதிகம். 2/5-இல் கை பழகாதவர் போக வேண்டிய இடம் இல்லை. காக்கா மறுப்பார்.

(காக்கா மறுத்துவிட்டார்.)

23 பிப்ரவரி 2025

தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் விதிமுறைகள் வந்துவிட்டன. ஆதார் சரிபார்ப்பு, நேரம் காட்டி எச்சரிக்கும் செய்தி, இதெல்லாம் சரி. டேபிள் தேர்வைத் தொடுவது ஒன்று: இரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆட முடியாது.

லாபமான நேரம் எது என்று இதுவரை நான் நேரடியாக எழுதவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று விட்டுவிட்டேன். மாதத்தின் முதல் வாரம், சனி ஞாயிறு, இரவு 11-க்கு மேல். அதிலும் ஒரு மணி, இரண்டு மணிக்கு இருப்பவர்களில் பாதிப் பேர் தோற்றதை எடுத்துவிட்டுத் தூங்கலாம் என்று உட்கார்ந்திருப்பவர்கள். 30 சதவீத டேபிள் அந்த நேரத்தில் 45 ஆகும். இப்போது அந்த நேரம் நமக்கு இல்லை.

"லாபத்தில் கை வைத்துவிட்டார்கள்" என்று கொதிக்கிறார்கள். எனக்குக் கொதிக்கவில்லை. அந்த நேரத்தில் நான் எப்போதும் நிதானமாக இருப்பேன் என்று யார் சொன்னது? ஒரு மணிக்கு டேபிளைத் தேர்ந்தெடுப்பவனும் ஒரு மணிக்கு விழித்திருப்பவன்தானே. மேலே உட்காரும் இடத்தைப் பற்றி இத்தனை எழுதிவிட்டு எழுந்திருக்கும் நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். அதையும் சேர்த்துவிடுகிறேன்: நம் ஆள் எழுந்தால் நாமும் எழ வேண்டும். நாம் கடைசி மூன்று ஹேண்டை எதற்கு ஆடினோம் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் எழ வேண்டும்.

7 ஏப்ரல் 2025

நேற்றுப் புதுப் பாம்பன் பாலம் திறந்தாயிற்று. 2022 டிசம்பருக்குப் பிறகு தீவுக்குள் ரயில். ரயிலில் ஆடலாமா என்று இப்போதே ஒரு கேள்வி வந்திருக்கிறது. பாலத்தின் மேல் போகும்போதாவது போனை விட்டுவிட்டு வெளியே பாருங்கள் ஐயா.

4 ஜூன் 2025

நள்ளிரவுத் தடை செல்லும் என்று நேற்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனிகள் போட்ட வழக்கு தள்ளுபடி. இரவு 10 முதல் 12 வரை டேபிள்கள் நெரிகின்றன. எல்லோரும் அதே நேரத்துக்கு வருவதால் ரெகுலர்களும் அதே நேரத்துக்கு வருகிறார்கள். ஞாயிறு பிற்பகல் நன்றாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டே ஆடும் கூட்டம்.

23 ஆகஸ்ட் 2025

எல்லா டேபிளும் போயிற்று.

20-ஆம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, நேற்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். இணையவழி விளையாட்டு மேம்பாடு ஒழுங்குமுறைச் சட்டம், 2025. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவாக இருந்தாலும் நடத்தக் கூடாது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வாதமே அதில் இல்லை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆப்புகள் பண டேபிளை நிறுத்திவிட்டன. லாபியைத் திறந்து பார்த்தேன், பணத்தை எடுக்கும் பொத்தான் மட்டும் வேலை செய்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள்.

24 ஆகஸ்ட் 2025

வெளிநாட்டுத் தளங்கள் இருக்கின்றனவே, அங்கே டேபிள் எப்படி என்று அதற்குள் இரண்டு பேர். வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவர் ஆளா, இயந்திரமா என்று நமக்குத் தெரியாது. ஜெயித்த பணம் வராவிட்டால் கேட்க ஆள் இல்லை. இந்த இழை முழுக்கச் சொன்னது எதிரே யார் என்று பார்த்து உட்காரு என்பதைத்தான். அங்கே அதைப் பார்க்கவே வழி இல்லை.

காக்கா முதல் தடவையாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

14 செப்டம்பர் 2025

புதுச் சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டிருக்கிறது. தீர்ப்பு எப்படி வரும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இலவசச் சிப் டேபிளில் ஆடிப் பழகலாமா என்கிறார் தொண்டித் தம்பி. கார்டு வரிசை பழகலாம், டேபிள் பார்ப்பது பழக முடியாது. எல்லோரும் முதல் ஹேண்டிலேயே எல்லாவற்றையும் தள்ளுகிறார்கள், ஃப்ளாப் சதவீதம் 80. போவதற்கு ஒன்றும் இல்லாதவரைக் கணிக்க முடியாது. நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை புளியங்கொட்டையை வைத்து ஆடுகிறோம், அதில்கூட ஒருவர் கொட்டையைப் பிரித்துக் கொடுக்க மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். அவரை எப்போதும் என் இடப்பக்கம் உட்கார வைத்துவிடுகிறேன். இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

5 அக்டோபர் 2025

ஏர்வாடியிலிருந்து ஒரு கேள்வி. ஆகஸ்டில் மிச்சப் பணத்தை எடுத்தபோது டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள், சம்பளம் குறைவுதான், திரும்ப வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 115பிபிஜே பிரிவில் நிகர வெற்றிக்கு நேராக 30 சதவீதம், வருமானம் குறைவு என்பதற்காக விலக்கு இல்லை, ஆடச் செலவான இணையக் கட்டணத்தையும் கழிக்க முடியாது. பிடித்தது 26ஏஎஸ் படிவத்தில் 194பிஏ என்று நிற்கும். அதை எடுத்து ஆப் அனுப்பிய கணக்கோடு ஒத்துப் பாருங்கள். போட்ட பணத்தை முழுதாகக் கழித்துவிட்டுத்தான் பிடித்தார்களா என்பதை முக்கியமாகப் பாருங்கள். குறைவாகக் கழித்திருந்தால் அந்தப் பகுதி மட்டும் ரிட்டர்னில் திரும்பக் கேட்கலாம். மார்ச் வரை காத்திருக்க வேண்டாம், ஆப்பில் கணக்கு விவரம் இறக்கும் வசதி இருக்கும்போதே இறக்கி வைத்துவிடுங்கள்.